மனைவியின் குரல் இருந்த கணினி

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன் அவள் அன்றாடப் பேச்சையெல்லாம் தன் குரலிலேயே ஒரு மென்பொருளில் பதிந்து வைத்தாள். "என்னங்க", "சாப்பிட வாங்க", "வலிக்குது". திரையில் சொல்லைத் தொட்டால் மடிக்கணினி அவள் குரலில் பேசும். "என்னங்க" பதியும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பாசிர் ரிஸ் வீட்டில் அந்தக் குரலோடு சில வருடங்கள் ஓடின. பிறகு ஒருநாள், இந்தப் பழைய விண்டோஸுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் அறிவிப்பு வந்தது. கிளமெண்டியிலிருந்து மகன் வந்தான்.

"இது சேஃப் இல்ல லா, அப்பா. புதுசுக்கு மாத்திடலாம்."

தன் புதிய கணினியில் அந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. பதிந்த குரலைத் தனியாக எடுக்கவும் முடியவில்லை. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, "இப்படியே யூஸ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படித்தான் வைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் கணினி உயிர் பெறவில்லை. லிட்டில் இந்தியாவில் மாடியில் இருந்த ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் அதே மாதிரிப் பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து எங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினார். விண்டோஸ் வந்தது. மென்பொருள் மட்டும், இது வேறு கணினி, புதிதாக அனுமதி வாங்கு என்றது.

"அனுமதி கொடுக்க அங்க ஆளே இல்லையே, அங்கிள்" என்றார் அவர்.

மகன் தன் அம்மாவின் கைப்பேசியில் வேறொரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். எழுதினால் படிக்கும். செய்தி வாசிப்பவர்போலத் தெளிவான பெண்குரல். முதல்நாள் சமையலறையிலிருந்து அது "என்னங்க" என்றது. வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாக நினைத்துத் திடுக்கிட்டு எழுந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் அதை உபயோகிப்பதில்லை. தோளைத் தொட்டுக் கூப்பிடுகிறாள்.

போன வாரம் தேக்கா சந்தையில், புதிதாக வந்திருந்த மீன்காரரிடம் கைப்பேசியை நீட்டினாள். "தலைய வெட்டிட்டு குடுங்க" என்றது அது.

"சரிக்கா" என்று சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். வேறொரு குரலில் அவள் பேசியதை அவர் கேட்டதே இல்லை.