ஸ்டெல்லா சிஸ்டரின் முறுக்கு டின்

செய்தி வந்தபோது நான் எங்கள் சொஸைட்டியின் கேட்டுக்கு வெளியே, ரஃபீக் பையாவின் தள்ளுவண்டியில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்தார். சிஸ்டர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார். ரஃபீக் தராசைக் கீழே வைத்துவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த சிஸ்டர் என்று இருவருமே கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பில் சிஸ்டர் என்றால் ஒருவர்தான்.

அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் பிறந்து, டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் ஸ்டெல்லா அக்கா. யமுனைக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் எதிர்வீடு. நான் கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி இந்தி. அக்காவோ இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நெல்லைப் பேச்சை ஒரு சொல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நான் "அச்சா" என்றால், "அதென்னட்டி அச்சா? வாயத் தொறந்து சரின்னு சொல்லேன்" என்பார்.

போன வருஷத்துக்கு முன்பெல்லாம் எங்கள் சொஸைட்டியில் தேர்தல் என்றால் பூங்காவில் நாற்காலி போட்டு, சமோசா தின்று, கையைத் தூக்குவதுதான். போன வருஷம்தான் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் சதீஷும் அவருடைய கூட்டமும் கிளம்பினார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது. "அந்த ஆட்கள்" உள்ளே வரக் கூடாது, காய்காரர்களும் வேலைக்காரர்களும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும், ஒரு மதத்தார் மட்டும் போதும். அந்த ஆட்கள் என்றால் யார்? எங்கள் எல்லோர் வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்து காய்ப் பையை வைத்துவிட்டுப் போன ரஃபீக்தான். நல்ல மனிதர்கள் என்று நான் நினைத்திருந்தவர்கள் எல்லாம் அந்தச் செய்திக்குக் கீழே கைகூப்பிய படம் போட்டார்கள்.

சதீஷை எதிர்த்து அக்கா தலைவர் பதவிக்கு நின்றார். கை தூக்கும் தேர்தல் வேண்டாம், சீட்டுப் போட்டு ரகசிய ஓட்டு வேண்டும் என்று அடம் பிடித்தார். "கையத் தூக்கச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியப் பாத்துத்தான் தூக்குவாவ. சீட்டுன்னா அவவ மனசாட்சியப் பாப்பாவ" என்றார். ஓட்டுப் பெட்டிக்கு எங்கே போவது என்று பழைய கமிட்டி கையை விரித்தது. மறுநாள் தன் முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு சாவி செய்பவரிடம் போய், மூடியில் நீளமாக ஒரு பிளவு வெட்டி வாங்கி வந்துவிட்டார். அம்மா வீட்டுச் சீதனமாக வந்த டின் அது! அதற்குப் பிறகு அவர் வீட்டு முறுக்கு மொறுமொறுப்பாக இருந்ததே இல்லை. பிளவில் துணியை அடைத்துப் பார்த்தார், பயனில்லை. "ஒரு நாள் ஓட்டுக்காக வருஷம் பூராவும் நமத்த முறுக்கா அக்கா?" என்று நான் கேலி செய்தால், "சும்மா தின்னுட்டி, பல்லுக்கு நல்லது" என்பார்.

ஓட்டு நாளன்று நடந்ததை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். மதியத்துக்கு மேல் அக்காவைக் காணோம். பார்த்தால், சதீஷின் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டிலிருந்து வருகிறார். எல்லோரும் பாவுஜி என்று கூப்பிடும் அந்தப் பெரியவர் பக்கவாதத்தில் படுத்தவர். அவருடைய படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது அக்காதான். ஜெயிக்கத்தானே போகிறோம் என்ற மிதப்பில் மகன் அப்பாவை மறந்தே போயிருந்தார். நான் ஓடிப்போய் காதில் சொன்னேன்: "அக்கா, உங்களுக்குப் பைத்தியமா? அது உங்களுக்கு எதிர் ஓட்டு!"

"தெரியுமே. அதுக்காவ ஒரு மனுசரக் கட்டில்லயே போட்டுட்டு வரச் சொல்லுதியா? நேத்தே கேட்டாரு, என்னைக் கீழ கூட்டிட்டுப் போவியான்னு."

பாவுஜி இடது கையால் நடுங்கி நடுங்கிக் குறி போட்டபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டின்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எண்ணினார்கள். சொற்ப ஓட்டில் அக்கா தோற்றார். சதீஷுக்குக் கை கொடுத்துவிட்டு, அன்று காலை சுட்ட முறுக்கை எல்லோருக்கும் கொடுத்தார். மறுநாளே ரஃபீக்கின் வண்டி கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

அன்று நான் அக்காவிடம் கத்தினேன். என்ன ஓட்டு, என்ன ஜனநாயகம்! விஷத்தைப் பெட்டியில் போட்டு எண்ணினால் அமுதமாகிவிடுமா? அந்தக் கூட்டமே ஓட்டு வழியாகத்தானே வந்தது! அவர் புளி கரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்: "அவியளும் அந்த வாசல் வழியாத்தானே வந்தாவ. அது தொறந்து கிடந்தாத்தான் போகவும் செய்வாவ. நாம கோவிச்சுக்கிட்டுச் சாத்திட்டா, உள்ளயே இருந்துக்கிடுவாவ." எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. இப்போதும் முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனார். தன் அரைகுறை இந்தியில் ஒரே கேள்வி கேட்பார்: ரஃபீக் என்ன தப்பு செய்தான்? சதீஷ், "பாதுகாப்பு, சிஸ்டர்" என்பார். "சரி. நான் கேட்டேன்னும் நீங்க இப்படிச் சொன்னீங்கன்னும் எழுதிக்கோங்க" என்பார் அக்கா. முதலில் சிரித்தார்கள். பிறகு சலித்துக்கொண்டார்கள். போகப் போக, அவர் கேட்டதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் மாறியது. ரஃபீக் வெளியிலேயே நின்றார்.

இந்த வருஷம் சதீஷ் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம், நமக்குள் எதற்குப் போட்டி? வேறு யாரும் வேட்புமனு கொடுக்காவிட்டால் ஏகமனதாக இதே கமிட்டி தொடரும், ஓட்டே வேண்டாம். அக்காவுக்கு அப்போதே இருமல். டிசம்பர் புகையில் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. "தோப்பேன், தெரியும். ஆனா தோக்கதுக்காவது ஒரு தேர்தல் வேணும்லா" என்றார். மனு கொடுக்கும் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா. இத்தனை பேர் காய்ச்சலைப் பார்த்த மனுஷி, தன் காய்ச்சலைக் கவனிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடக்கத்துக்கு எடுத்தபோது சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் சதீஷ். குழந்தை மாதிரி அழுதார். நடிப்பில்லை, எனக்குத் தெரியும். வண்டி கேட்டைத் தாண்டும்போது ரஃபீக் வெளியே நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அக்கா தினமும் சண்டை போட்டு ஓசியில் வாங்கும் அதே கறிவேப்பிலை. வண்டி நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த சதீஷ் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனுவுக்குக் கடைசி நாள். நான் நிற்பதென்று முடிவு செய்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நிற்கத் தெரியவும் தெரியாது. வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். வீடு வீடாகப் படி ஏறி இறங்கினேன். எல்லோரும் அக்காவை நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள், டீ கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் போடவில்லை. "மகன் சதீஷோட கம்பெனியிலே இருக்கான்ஜி", "எங்களுக்கு எதுக்கு வம்பு". கால் வலித்து, மனசு வெறுத்து, கடைசியாக பாவுஜியின் வீட்டு மணியை அடித்தேன். சதீஷ்தான் திறந்தார். என் கையிலிருந்த மனுத் தாளைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

பாவுஜி தாளைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். வாய் கோணி, சொல் சொல்லாகத்தான் வந்தது. "ஓட்டு என் மகனுக்குத்தான் போடுவேன் மகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார் இந்தியில். "ஆனால் ஓட்டு நடக்க வேண்டும். என்னைக் கீழே கூட்டிப் போக சிஸ்டர் இல்லை. நீ வருவாயா?" இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி என் பெயருக்குக் கீழே வைத்தார். சதீஷ் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வருவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நான் தோற்கலாம், ரஃபீக்கின் வண்டி இன்னும் ஒரு வருஷம் வெளியிலேயே நிற்கலாம். அடக்கத்துக்கு வந்திருந்த அக்காவின் மகள் பாளையங்கோட்டைக்குத் திரும்பும் முன், அம்மாவின் நினைவாக என்ன வேண்டும் ஆன்ட்டி என்று கேட்டாள். பைபிளை அவளே வைத்துக்கொள்ளட்டும், சேலைகளை யாருக்காவது கொடுக்கட்டும். நான் டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடியில் கொஞ்சம் முறுக்கு இருந்தது, அவர் கடைசியாகச் சுட்டது. நன்றாக நமத்திருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்று முடித்தேன். பிறகு டின்னைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைக்காக வெயிலில் காய வைத்தேன்.