பழைய சிலிக்கனுக்கு மேல் பூசிய சிலிக்கன்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். மரத்தூள் குளிகைகளை எரிக்கும் பெலட் அடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாலும் சரிதான்.

கர்க்லாண்ட் என்ற ஊரில் ஒரு வீடு, ஜனவரிக் குளிர். "அண்ணை, பேஸ்மென்ற் அடுப்பு ஒரு மாதிரி மணக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று வீட்டுக்காரர் ரவி போன் எடுத்தார். போய் நிலவறைக்கு இறங்கி, அடுப்பின் பின்னால் டோர்ச் அடித்தேன். புகைக்குழாய் மூட்டில் சாம்பல் கோடு வழிந்திருந்தது. விறகு அடுப்பில் புகை தானாக மேலே போகும். பெலட் அடுப்பில் ஃபேன்தான் அதை வெளியே தள்ளுகிறது. மூட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வீட்டுக்குள் வந்துவிடும்.

கையிலிருந்த மீட்டரில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் எண் ஏறியது. அடுப்பை நிறுத்தி, எல்லோரையும் வெளியே காருக்குள் ஏற்றி, 911 அவசர எண்ணுக்கு அடித்தேன்.

"அலாரம் எங்கை?" என்று ரோட்டில் நின்று ரவியைக் கேட்டேன்.

"வீடு குடிபூந்த அண்டு ஓமப் புகைக்கு விடாமல் கத்தினது அண்ணை. கழட்டி மேசை லாச்சிக்கை வைச்சனான். பேந்து மறந்து போனன்."

"மூளை இருக்கோ உமக்கு? புகைக்கும் காஸுக்கும் சேர்த்து அது ஒண்டுதானே! ஆர் பேஸ்மென்றிலை படுக்கிறது?"

"மகள்" என்றார் அவர் மனைவி. ஏழு வயதுப் பிள்ளை. "காலமையில தலையிடி எண்டு அழுவாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பொய் சொல்லுறாள் எண்டு இவர் ஏசுறவர்."

அம்புலன்ஸில் வைத்தே பிள்ளைக்கு ஒட்சிசன் போட்டார்கள். ஆபத்தில்லை என்று இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள்.

புகைக்குழாய் மூட்டைக் கழற்ற மறுபடி போனேன். மேலே இடைவெளி அடைக்கப் பூசிய புது சிலிக்கன் பசை, தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் காய்ந்த பழைய சிலிக்கன், இடையில் சாம்பல். அந்தப் புதுசைப் பூசியது நான்.

குடிபூரல் அன்று காலைதான் பூசினேன். "பின்னேரம் ஆக்கள் வருகினம் அண்ணை, அடுப்பு எரியவேணும். மேலால பூசிவிடுங்கோ, காணும்" என்றார் ரவி. மூட்டைக் கழற்றி, பிரஷ் போட்டு, பழையதைச் சுரண்டித் துடைத்து, சூடு தாங்கும் சிலிக்கன் வைத்து, ஒரு நாள் நெருப்பில்லாமல் காயவிட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் ஆள், நல்ல நாள், முகத்தை முறிக்கக் கூடாது என்று பூசிவிட்டு வந்தேன். அலாரத்துக்காக அந்த மனிதனை ரோட்டில் நின்று ஏசியதை நினைத்தால் இப்போதும் என்மேல் எரிச்சல் வருகிறது.

உரிந்து வந்ததை ரவியிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் மகள் நின்றாள்.

"அப்பா, அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே?"

நான்தான் சொன்னேன்: "இல்லைப் பிள்ளை. பிழை என்னிலைதான்."

முகத்தாட்சணியத்துக்கு வேலை செய்யாதீர்கள். அவசரப்படுத்துகிறவர் கூடப்பிறந்தவராக இருந்தாலும் சாமான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அவர் ஏசினால் ஏசட்டும். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி உங்கள் யார் காதிலும் விழ வேண்டாம்.