தோபுலு மாமா மூடாமல் விட்ட குழிகள்

என் அம்மாவின் தம்பி தோபுலுவுக்குக் கோபம்தான் முழுநேரத் தொழில். சண்டைக்கு முன்பு கொப்பரைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது தேங்காயைத் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பாட்டு இழுத்தால் பாடுகிறவர்களைத் திட்டினார். அவர் பெண்டாட்டி வராத் அத்தை மட்டும் வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு, "முடிஞ்சுதாய்யா? சுண்ணாம்பை எடு" என்பாள். எடுத்துக் கொடுப்பார்.

ஜப்பான்காரர்கள் எங்கள் தீவின் ரபாவுல் துறைமுகத்துக்கு வந்த பிறகு அவருடைய கோபத்துக்குத் தகுந்த வேலை கிடைத்தது. குழி மூடுகிற வேலை.

தினமும் வெயில் தென்னை உச்சிக்கு ஏறும் நேரத்துக்கு அமெரிக்கக்காரன் வருவான். எங்கள் ஊருக்குக் கீழே இருந்த ஓடுதளத்தில் எட்டோ பத்தோ குண்டு போட்டுவிட்டுப் போவான். அவன் மறைந்ததும் ஜப்பான்காரன் எங்களை மண்வெட்டியோடு இறக்குவான். சாயங்காலத்துக்குள் மூடி, மட்டம் தட்டியாக வேண்டும். மறுநாள் அமெரிக்கக்காரன் திரும்ப வருவான். கடல் நெடுக, தீவு தீவாக, இதே பிழைப்புதான் என்று கேள்வி. எங்கோ ஒருவன் நோட்டில் எழுதுவான்: ‘ஓடுதளம் தாக்கப்பட்டது.’ இன்னொருவன் வேறொரு நோட்டில் எழுதுவான்: ‘ஓடுதளம் சரிசெய்யப்பட்டது.’ இரண்டு பேருக்கும் நல்ல பெயர். ஒடிந்தது எங்கள் முதுகு.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஓடுதளத்தில் விமானமே கிடையாது. எரிந்தது போக மிச்சம் பறந்துபோய் நான்கு மாதம்.

"இல்லாத விமானத்துக்கு எதுக்குடா ஓடுதளம்?" என்று மாமா தினமும் கத்துவார். எங்களை மேய்த்த சார்ஜன்டுக்கு எங்கள் மொழி தெரியாதது மாமா செய்த புண்ணியம். அந்த சார்ஜன்டுக்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்தது நான். ஆள் பக்கவாட்டில்தான் நடப்பான்.

மூடுவதற்கு மண் வேண்டும். எங்கள் சரிவில் எரிமலைச் சாம்பல் மண், பொலபொலவென்று வரும். நண்டு அங்கேதான் வெட்டச் சொன்னான். முதல் மாதம் வாழை போனது. அடுத்து சேம்பு. கடைசியில் மிஞ்சியது மாமாவும் அத்தையும் போட்டிருந்த வள்ளிக்கிழங்குப் பாத்தி. எங்கள் தாய்வழி நிலம் அது. பதினோரு பேர் அதை நம்பி இருந்தோம். அடுத்த வருஷத்துக்கான விதைக்கிழங்கும் அதில்தான்.

ஒரு சாயங்காலம் நண்டு பாத்தியின் ஓரத்தில் குச்சி நட்டு, "நாளை இங்கே" என்று சைகை காட்டினான்.

மாமா அன்று கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மருமவனே, கெழங்க முழுசா தோண்ட மூணு நாள் வேணும். அந்த மூணு நாளும் இவனுங்க சரிவுல கால் வைக்கக் கூடாது. உன் குரங்குப் புத்தியில ஏதாவது இருக்கா?"

"இருக்கு. நீ திட்டாம இருந்தா சொல்றேன்."

"திட்டல. சொல்லித் தொலை."

வெடிக்காமல் மண்ணுக்குள் போகும் குண்டைக் கண்டால் ஜப்பான்காரர்களுக்குக் குலை நடுங்கும். முந்தின வாரம்தான் அப்படி ஒன்று தாமதமாக வெடித்து இரண்டு சிப்பாய்கள் போனார்கள். அதிலிருந்து, வெடிக்காத குண்டு கிடந்தால் மூன்று நாள் யாரும் கிட்டே போகக் கூடாது என்று உத்தரவு. வெடித்த குண்டின் வால் தகடு ஒன்றை நான் ஏற்கெனவே பொறுக்கி வைத்திருந்தேன், போதகரின் கழிப்பறைக்குப் பக்கத்தில் நட்டு அவரைப் பயமுறுத்தலாம் என்று. மறுநாள் தாக்குதல் முடிந்து எல்லாரும் பள்ளத்தாக்கில் பதுங்கியிருக்கும்போதே ஓடிப்போய், ஓடுதளத்தின் நடுக் குழியில் அதைச் செருகி, வால் மட்டும் வெளியே தெரிய மண்ணை மூடினேன்.

நண்டு அதைப் பார்த்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக நேராக ஓடினான்.

அன்று எந்தக் குழியும் மூடப்படவில்லை. சிப்பாய்கள் குகைக்குள் போய்விட்டார்கள். நாங்கள் கிழங்கு தோண்ட ஆரம்பித்தோம். மாமா குச்சியால் மண்ணை நெகிழ்த்துவார், அத்தை கிழங்கைத் தூக்குவாள், பெண்கள் கூடையில் சுமந்து பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோவார்கள்.

இரண்டாம் நாள் விமானங்கள் வந்து, குழி குழியாகக் கிடந்த ஓடுதளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குண்டைக் கடலில் கொட்டிவிட்டுப் போயின.

"அவனுக்கே அலுத்துப்போச்சுடா!" என்று மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இனிமே குழியும் கிடையாது, குண்டும் கிடையாது. இது முன்னாடியே தோணாம போச்சே!"

மூன்றாம் நாள் விதைக்கிழங்கு வரிசை மட்டும் பாக்கி. கூடை தூக்கிக்கொண்டு நானும் மாமாவும் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம்; அத்தை பாத்தியிலேயே இருந்தாள். விமானங்கள் ஓடுதளத்தைச் சுற்றின. இந்தத் தடவை கடல் பக்கம் போகவில்லை. சரிவில் மூன்று நாளாகக் கூடையோடு ஏறி இறங்கிய கூட்டத்தைப் பார்த்து மேலே இருந்தவன் என்ன நினைத்தானோ, விமானங்கள் சரிவுக்குத் திரும்பின.

புகை அடங்கியபோது பாத்தி இருந்த இடத்தில் குழி இருந்தது. விதைக்கிழங்கு தூள் தூளாக மரத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. அத்தை மண்ணில் பாதி புதைந்து கிடந்தாள். மாமா கையால் பறித்து வெளியே எடுத்தார். உயிர் இருந்தது. இரண்டு காதிலும் ரத்தம்.

"வராத்! ஏய் வராத்! பேசுடி!"

அவள் அவருடைய வாயையே பார்த்தாள். "ஏன்யா சத்தமே இல்லாம வாயசைக்கிற?" என்று கேட்டாள்.

மாமா எழுந்தார். நேராக ஓடுதளத்துக்கு இறங்கினார். எல்லார் கண்ணெதிரிலும் அந்த வாலைப் பிடுங்கி நண்டின் காலடியில் எறிந்தார். நண்டு மண்வெட்டிக் கட்டையால் அவரை அடித்தான். யார் நட்டது என்று துபாசியை வைத்துக் கேட்டான்.

"நான்தான்" என்றார் மாமா.

நான் முன்னால் ஒரு அடி வைத்தேன். "நில்லுடா நாயே அங்கயே" என்று கத்தினார். நின்றேன். இதை எழுதும்போதும் அங்கேயேதான் நிற்கிறேன்.

அடித்து ஓய்ந்த பிறகு நண்டு ஏதோ சொன்னான். துபாசி எங்களிடம் சொன்னான்: "விமானம் எறங்கவா இத்தன நாள் மூடுனோம்னு கேக்குறாரு. குண்டு விழறதுக்கு ஒரு எடம் வேணும்ல? இங்க விழலன்னா நம்ம தலையில விழும். இதுகூடத் தெரியலையான்றாரு."

நான்கு மாதமாக எங்கள் தோட்டத்தை வெட்டி எதற்குக் கொட்டினார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எங்களிடம் எதையும் சொல்லும் வழக்கம் மேலே இருந்தவனுக்கும் கிடையாது, கீழே இருந்தவனுக்கும் கிடையாது.

மாமா உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"எல்லாரும் வாங்கடா. ஒரு குழி பாக்கி இருக்கக் கூடாது."

"மாமா, கை வீங்கியிருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு அவன் வரும்போது உங்க அத்தைக்குச் சத்தம் கேக்குமாடா? பதுங்கத் தெரியுமா அவளுக்கு? மண்ண அள்ளு!"

அள்ளினோம். அவரே கட்டையால் தட்டி, குனிந்து பார்த்து, மேடு தெரிந்த இடத்தில் எங்களையும் நண்டையும் ஜப்பான் ராஜாவையும் திட்டி, மறுபடி தட்டினார். பொழுது சாயும்போது அந்த ஓடுதளம் புதிதாகப் போட்டது போல இருந்தது.

மறுநாள் விமானங்கள் சரியான நேரத்துக்கு வந்தன. மாமா பள்ளத்தாக்கில் பதுங்க மாட்டேன் என்று சொல்லி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பாருடா கண்ணு அவிஞ்சவனே, கீழ பாரு! எவ்வளவு நல்லா மூடியிருக்கேன்! போடு, அங்க போடு!"

ஒன்பது குண்டு. ஒன்பதும் ஓடுதளத்தில்.