மனு எழுதியவரின் அமெரிக்கா

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து மனு எழுதுவார் அவர். நிறம் வெளுத்த கோட்டு, மூக்கின் நுனியில் கண்ணாடி. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கழித்துப்போடும் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்தவர்.

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்கும் மனுவுக்கு மறுநாள் கடைசி நாள். அப்பாவை அவரிடம் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு வரி எழுதுவார், பேனாவைத் தூக்கிவிடுவார். அத்திலாந்திக் கடலைத் தனியாகத் தாண்டிய விமானி எப்படித் தூங்காமல் இருந்தான் என்பார். அடுத்த வரிக்குப் பிறகு, கார் செய்து உலகையே ஓடவைத்த முதலாளியின் கதை.

"எந்திரிச்சு நிக்கவே முடியாத ஒரு ஜனாதிபதி அங்க. விழுந்து கெடந்த நாட்ட நிமித்திட்டாரு!"

"மொதல்ல எங்கப்பா பொறந்த எடத்த எழுதுங்க!" என்று கத்தியேவிட்டேன்.

எழுதினார். ஒரு பிழை இல்லை. அப்பா கைநாட்டு வைத்தபோதும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

"உங்க மனுவையாவது எழுதி முடிச்சீங்களா?"

"எனக்குப் பொறந்த பதிவே இல்ல தம்பி. எத வச்சு எழுதுறது?" என்றவர், அடுத்தவரை உட்காரச் சொன்னார்.

அவ்வளவு நேரமும் அவர்மேல் இருந்த கோபத்தை இனி யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.