பேச்சியம்மாள் கேட்ட கர ரசீது

வரி இல்லை என்று சொல்லப்போய் வசவு வாங்கிய பஞ்சாயத்து கிளார்க் நானாகத்தான் இருப்பேன். தேயிலை எஸ்டேட்டுகள் சூழ்ந்த சித்திரபுரம் பக்கம், நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது. சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு அறுபது சதுர மீட்டருக்குள் இருந்தால் வரி வேண்டாம் என்று உத்தரவு வந்தது. நல்ல சேதி சொல்கிற குஷியில் வீடு வீடாகப் போனேன்.

பேச்சியம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவர். கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கிராஜுவிட்டி பணத்தில் மூன்று சென்ட் வாங்கி இரண்டு அறை கட்டியிருந்தார். முதல் கர ரசீது, வீட்டு வரி கட்டிய சீட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஃபிரேமுக்குள் தொங்கியது.

“அப்போ இனிமே எம்பேருக்குச் சீட்டு வராதா சார்?”

“கரமே இல்லங்கும்போது சீட்டு எதுக்கும்மா?”

“முப்பத்தெட்டு வருசம் லயத்துல வெறும் நம்பராத்தான் இருந்தேன். வீட்டுக்காரின்னு எம்பேரு இருக்கது இந்தக் கடுதாசியிலதான். அதையும் புடுங்க வந்தீகளாக்கும்?”

“இன்னொரு ரூம் சேத்துக் கட்டுங்க, அறுபதத் தாண்டினா கரம் தானா வரும்” என்று சிரித்தேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். மனு எழுதிக் கொடுத்தால் கரம் இல்லாத வீட்டுக்கும் உரிமைச் சான்றிதழ் கிடைக்கும். அதைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம்.

மறு வருஷம் அவரே ஆபீஸுக்கு வந்து நின்றார்.

“ரூம் கட்டியாச்சு சார். வந்து அளங்க.”

போய் டேப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியிருந்தது. அறையில் ஒரு பாய்கூட இல்லை. அவர் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி.

“யாருக்கும்மா இந்த ரூம்?”

“யாருக்கும் இல்ல. எம்பேருக்கு.”

அப்போதுதான் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புதுச் சுவரைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அதுலயும் எம்பேரு இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்போ அதையும் சேத்துக் குடுங்க.”

இரண்டையும் கொடுத்தேன். பெயரை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வீட்டில் எது இல்லை என்று சொல்லப் போகிறீர்களோ, பதிலுக்கு என்ன உண்டு என்பதையும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு ஜோடி கம்மல் போனது.

சர்வீஸ் முழுக்க ஊருக்கெல்லாம் ரசீது போட்டவன் நான். இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அவர் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிய அந்த இரண்டு தாள்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. என் பேருக்கு ஒன்றுகூட இல்லை.