கேரல் கும்மி

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டிசம்பர் சாயங்காலம், ஃபேக்டரிப் பெண்கள் நாங்கள் பாகலூர் ரோட்டில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போனோம். ஒரு வாசலில் பழைய ஆங்கிலப் பாட்டொன்றைத் தமிழில் பாடியபடி கும்மி அடித்தோம். எமர்ஜென்சி லைட்டோடு உடன் வந்த சபை மூப்பர் வட்டத்துக்குள் நுழைந்து நிறுத்தினார்.

“கும்மியெல்லாம் மாரியம்மன் பண்டிகைக்கு. கர்த்தர் பாட்டை அடக்கமா நின்னு பாடுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஐயா, இந்த மெட்டே வெள்ளைக்காரங்க வட்டமா ஆடறதுக்குப் போட்டது. கர்த்தர் பேரு பின்னாடிதான் அதுல வந்துச்சு.”

“அது அவங்க ஊர்ல.”

“அவங்க ஆடுனா பக்தி, நாங்க ஆடுனா பாவமா?”

அவர் வட்டத்தை விட்டு நகரவில்லை. கும்மிக்கு நடுவில் விளக்கு வைப்பது எங்கள் வழக்கம். கையில் லைட்டோடு நின்ற அவரைச் சுற்றியே மிச்சச் சரணங்களையும் அடித்து முடித்தோம்.