ரீஸ்டார்ட் சஜு

என் கணவர் சஜு எதையும் தூக்கிப் போடமாட்டார். குன்னத்துகாலில் எங்கள் வீட்டில் செத்த மிக்ஸிகளுக்கென்றே ஓர் அலமாரி உண்டு. கேட்டால், "கிடக்கட்டு ரெஜிலா, ஆவசியம் வரும்" என்பார். பழைய சாமான் எடுக்கிறவர் எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார்.

இந்தக் குணம் போன மாதம் எங்களைப் பிரிக்கப் பார்த்தது.

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அவர் எழுதும் புரோகிராம் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது தனக்கு வேண்டியதெல்லாம் அடைத்த ஒரு பெட்டிக்குள், ஓடுகிறது. கம்பெனி தன் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றியதும் அது படுத்துவிட்டது. மதியத்துக்குள் ஓடாவிட்டால் திங்கள்கிழமை முதல் பெங்களூர் ஆபீஸில் வந்து உட்காரும்படி மேலாளர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ்கூட வரவில்லை.

டேட்டாபேஸ் எங்கே என்று சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் உள்ள ஃபைலில் சஜு புது முகவரியை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். கன்டெய்னரோ பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இவர் அதை நிறுத்துவார், ஓடவிடுவார், மறுபடி நிறுத்துவார். இடையில் ஒரு சாயா.

நானும் இதே தொழில்தான். எட்டிப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"உண்டாக்கும்போ குடுத்த விலாசத்தத்தான் கன்டெய்னர் வச்சிருக்கும். நிறுத்தி ஓடவிட்டா ஃபைல திரும்ப வாசிக்காது. அழிச்சிட்டு புதுசா உண்டாக்குங்க."

"அழிக்கவா? ஒரு வருஷமா ஓடுன சாதனமாக்கும்."

"டேட்டா எல்லாம் வெளிய பத்திரமா இருக்கு. இதுக்குள்ள உங்க சொத்து ஒண்ணும் இல்ல."

தலையைச் சொறிந்தார். "இன்னும் ஒருக்கா ரீஸ்டார்ட் செய்து நோக்கட்டு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அப்பம் பெங்களூருக்குப் பெட்டி கெட்டட்டா?"

மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அடுத்த சாயா போட அடுக்களைக்குப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பழைய கன்டெய்னரை அழித்தேன். புதிதாக ஒன்றை உருவாக்கினேன். பால் பொங்குவதற்குள் புரோகிராம் ஓடத் தொடங்கியது. எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மேலாளருக்கு போன் போட்டார்.

"ஓடுது சார். விடாம ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தேன். பொறுமை வேணும் சார், வேற ஒண்ணும் இல்ல."

பெங்களூர் வர வேண்டாம், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார் மேலாளர். போனை வைத்துவிட்டு சஜு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தத் திமிரைப் பார்க்க வேண்டுமே! உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆளை நான் வைத்துக்கொள்கிறேன்.